எஸ்பிஎம் முடிச்சு சைபர் செக்யூரிட்டி படிக்கணுமா? முதல்ல அம்மா ஹேண்ட்போன எடுங்க

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்சை) முடிச்ச நிறைய பசங்க இப்ப சைபர் செக்யூரிட்டி, அதாவது கம்ப்யூட்டர், போன்ல திருடன் நுழையாம காக்குற வேலை, படிக்கணும்னு கேக்குறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா கேக்குற தம்பியோட லேப்டாப்ப தொறந்து பாத்தா அப்டேட் பண்ண சொல்லி மாசக்கணக்கா கெஞ்சிக்கிட்டு இருக்கு. இந்த வேலையில பாதி அந்த அப்டேட்ட ஒழுங்கா போடுறதுதான் லா. 2017 மே மாசம் வானாக்ரைனு ஃபைல பூட்டி காசு கேக்குற வைரஸ் வந்து இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்களையே முடக்குச்சே, அது நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டைய அடைக்கிற பேட்ச்ச மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே விட்டாச்சு. போடாதவன்தான் மாட்டுனான்.

அதனால கோர்ஸுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி வீட்ல உள்ள சாமான்லயே பழகுங்க. அம்மா போன் ஆண்ட்ராய்டா இருந்தா செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுக்குள்ள ஆண்ட்ராய்டு வெர்ஷன தட்டுனா செக்யூரிட்டி அப்டேட் எந்த தேதியோடதுனு காட்டும், சில போன்ல வேற எடத்துல ஒளிஞ்சிருக்கும், செட்டிங்ஸ் மேலயே தேடிக்கலாம். அந்த தேதி ஒரு வருசத்துக்கு மேல பழசு, புதுசும் வர மாட்டேங்குதுன்னா அந்த போன்ல பேங்க் ஆப் வேணாம், யூடியூப் பாக்க வச்சுக்கட்டும். அடுத்து "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"னு ஒன்னு இருக்கும், ப்ளே ஸ்டோருக்கு வெளிய இருந்து ஆப் போட விடுற எடம், அங்க வாட்சாப், குரோம் எல்லாத்தையும் ஒவ்வொன்னா பாத்து ஆஃப் பண்ணுங்க. வாட்சாப்ல கல்யாண பத்திரிக்கைனு வரும், ஃபைல் பேரு ஏபிகேனு (apk) முடிஞ்சா அது பத்திரிக்கை இல்ல, ஒரு ஆப், உள்ள போனதும் பேங்க் எஸ்எம்எஸ்ல அனுப்புற டிஏசி ரகசிய நம்பர திருடுற சாமான். ஏற்கனவே தட்டி காசு போயிருந்தா நின்னு பேசாம பேங்குக்கும் 997க்கும் (ஸ்கேம் புகார் நம்பர்) உடனே அடிங்க, அப்புறம் போலிஸ் ரிப்போர்ட்.

லேப்டாப் கதை கொஞ்சம் பெருசு. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. வீட்டு கம்ப்யூட்டருக்கு ஈஎஸ்யூனு மைக்ரோசாஃப்ட்டோட கூடுதல் அப்டேட் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் மட்டும் வரும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ சிங்க் பண்ணா அதுக்கு காசு இல்ல. விண்டோஸ் 11 போகணும்னா டிபிஎம் 2.0னு மெஷின் உள்ள ஒரு பாதுகாப்பு சிப் வேணும், இல்லனு காட்டுனா உடனே புது மெஷின் வாங்க ஓடாதீங்க, சில நேரம் பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி தொறக்குற செட்டிங்ஸ்) ஆஃப்ல கெடக்கும், ஆன் பண்ணா சரியா போயிரும். நெசமாவே பழைய மெஷினா? விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்னு ஃப்ரீ சிஸ்டம் இருக்கு, அத போடுங்க, 4 ஜிபி ரேம் இருந்தா ஓடும், படிக்கப் போற பாடத்துக்கும் லினக்ஸ்தான் வேணும். ஆனா போடுறதுக்கு முன்னாடி போட்டோ, செர்ட் எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்துருங்க. வீட்டு ரவுட்டருக்கும் அப்டேட் இருக்கு, பாஸ்வர்ட் இன்னும் அட்மின்னே இருந்தா மாத்துங்க.

படிப்புக்கு வருவோம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில "இன்ட்ரொடக்‌ஷன் டு சைபர்செக்யூரிட்டி" ஃப்ரீ, அங்க ஆரம்பிங்க. கூடவே ஓவர்தவயர்ங்கிற வெப்சைட்ல பேண்டிட்னு லினக்ஸ் கமாண்ட் பழகுற வெளையாட்டு இருக்கு, அத வெளையாடுங்க. லெவல் ஏற ஏற பாஸ்வர்ட் ஒரு ஃபைல்ல ஒளிஞ்சிருக்கும், ஒரு எடத்துல ஃபைல் பேரே வெறும் சின்ன கோடு, ஃபைல காட்டுற கேட் (cat) கமாண்டோட அந்த கோட்ட தட்டுனா ஒன்னும் வராம சும்மா நிக்கும், பேருக்கு முன்னாடி புள்ளியும் சாய்வுக் கோடும் போட்டாதான் தொறக்கும். இத தட்டித் தடுமாறி கண்டுபிடிக்கிறப்ப ருசி வந்துச்சுன்னா இந்த லைன் ஒங்களுக்கு ஒத்து வரும், எரிச்சல் மட்டும்தான் வருதுன்னா வேற படிப்பு பாருங்க, தப்பில்ல. பிக்கோசிடிஎஃப்னு இதே மாதிரி புதிர் போடுற சைட்டும் ஃப்ரீதான். வீட்ல லைன் மோசமா? பக்கத்துல நாடி சென்டர் (அரசாங்க இன்டர்நெட் மையம்) இருந்தா அங்க போங்க, முன்ன பெடினு சொல்வாங்களே அதான்.

காம்ப்டியா செக்யூரிட்டி ப்ளஸ்னு இந்த லைன்ல ஒரு சர்டிஃபிகேட் பரீட்சை, அத அப்புறம் பாத்துக்கலாம். 90 நிமிசம், 90 கேள்வி வரைக்கும் வரும், 900க்கு 750 எடுக்கணும், ஃபீஸ் ஆயிரம் வெள்ளிக்கு மேல. நெட்வொர்க் தெரியாம போய் ஒக்காந்தா காசுக்கு கேடு.

காலேஜ்ல சேர்றதுன்னா கம்ப்யூட்டிங் டிப்ளோமாவுக்கு எஸ்பிஎம்ல மூனு கிரெடிட், அதுல கணக்கு கட்டாயம். டிகிரின்னா மலாக்கா யூடெம் யூனிவர்சிட்டில கம்ப்யூட்டர் செக்யூரிட்டினே தனியா இருக்கு. ஹோட்டல் ஹால்ல ரெண்டு நாள் நடத்தி, வேலை கேரண்டினு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்குற ஆளுங்க கிட்ட போவாதீங்க லா, அப்பா ஓவர்டைம் காசு அது. ப்ரைவேட் காலேஜ்னா அந்த கோர்ஸ் பேரு எம்கியூஏவோட (கோர்ஸ்க்கு அங்கீகாரம் குடுக்குற அரசாங்க அமைப்பு) எம்கியூஆர் லிஸ்ட்ல இருக்கானு நீங்களே தேடுங்க, கவுண்டர்ல உக்காந்திருக்குற அக்கா வாய் வார்த்தையா சொல்றது பத்தாது, பிடிபிடிஎன் படிப்புக் கடன் எடுக்குறதுக்கே அது வேணும். எஸ்கேஎம் சர்டிஃபிகேட் மாதிரி கைத்திறன் படிப்புன்னா அதுக்குனு பிடிபிகே கடன் இருக்கு.

இன்னொன்னு. கத்துக்கிட்ட ஜோருல பக்கத்து வீட்டு வைஃபை, ஸ்கூல் சிஸ்டம்னு கை வைக்காதீங்க. 1997 கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்துல அனுமதி இல்லாம நுழைஞ்சாலே 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். கை அரிச்சா ஒங்க பழைய லேப்டாப்புலயே ரெண்டு வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற டம்மி கம்ப்யூட்டர்) போட்டு ஒன்ன வச்சு இன்னொன்ன அடிச்சு பாருங்க, யாரும் கேக்க மாட்டாங்க.