தொடக்கப் பள்ளிக்கு ஒரு சதுரங்க அணி: முதல் போட்டிக்கு முன் செய்ய வேண்டியவை

காய் நகர்த்தத் தெரிந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உங்கள் பள்ளியில் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கிருந்து தொடங்குகிறேன்.

1. விதிமுறைத் தாள். பயிற்சிக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். வயதை எந்தத் தேதி வைத்துக் கணக்கிடுகிறார்கள், எத்தனை பலகைகள் (அதாவது அணியிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள்), மாற்று ஆட்டக்காரர் உண்டா, ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்ற நான்கையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

2. ஆள் தேர்வு. நான்கு பலகை, ஒரு மாற்று என்றால் ஐந்து பேர் போதும். ஆனாலும் எட்டுப் பேரைத் தயார் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டிக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் வரும். எட்டுப் பேரும் ஒருவரோடொருவர் ஆடினால் மொத்தம் 28 ஆட்டம். தோற்ற கையோடு அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கும் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

3. பலகை வரிசை. வலுவானவர் முதல் பலகையில். கொடுத்த வரிசையை நடுவில் மாற்ற விடமாட்டார்கள். பொதுவாக, இரண்டாம் பலகைப் பிள்ளை வரவில்லையென்றால் கீழே உள்ளவர்கள் ஒரு படி மேலே வருவார்கள், மாற்று ஆட்டக்காரர் நான்காம் பலகையில் உட்காருவார்.

4. கடிகாரமும் கையும். இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். எங்கள் முதல் போட்டியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நல்ல நிலையில் இருந்தாள். சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது, அதை ராணியாக மாற்ற வேண்டும். மேசையில் உபரி ராணி இல்லை. வீட்டில் செய்கிற மாதிரி ஒரு யானையைத் தலைகீழாக வைத்து, "ராணி" என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்தித் தன் முறையை முடித்துவிட்டாள். நடுவர் வந்து, அது யானைதான் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேட்கலாம் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது பயிற்சியில் உபரி ராணிகளை நானே எடுத்து ஒளித்து வைக்கிறேன். கடிகாரத்தை நிறுத்து, கையைத் தூக்கு, கேள். பத்துத் தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

இன்னும் மூன்று பழக்கங்கள்: காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்துவது, தன் முறையில் தொட்ட காயையே நகர்த்துவது (நேராக வைக்க மட்டும் தொடுவதென்றால் முதலில் "சரி செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும்), காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவது) செய்யும்போது ராஜாவை முதலில் தொடுவது. யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்த முறை அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது.

5. சாமான்கள். சுருட்டி வைக்கிற பலகை, ராஜா 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை. சின்னக் காந்தப் பலகை வேண்டாம், அதில் பழகினால் போட்டி மேசையில் பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். டிஜிட்டல் கடிகாரம் ஒன்றாவது வாங்குங்கள். கைப்பேசி செயலியில் மட்டும் பழக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். தவறான நகர்வைச் செயலி தானே தடுத்துவிடும், மேசையில் தடுக்க யாரும் இல்லை. எதிராளி செய்த தவறைக் கவனிக்கும் கண்ணும் செயலியில் வளராது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு அணி தொடங்கிய ஓர் ஆசிரியர் ஒரு சிக்கலைச் சொன்னார். எதிராளி கை நீட்டியதும் அவருடைய மாணவன் மரியாதைக்குக் கை கொடுத்திருக்கிறான். ஆட்டம் டிரா என்று எழுதிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் யாராவது கை நீட்டினால், "டிராவா, தோல்வியை ஒத்துக்கொள்கிறாயா?" என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். செக்மேட் ஆனாலும் காய்களைக் கலைக்கக் கூடாது. நடுவர் வந்து பார்த்து, முடிவுத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு அடுக்கலாம்.