ரெவிட்டில் கான்கிரீட் படிக்கட்டு: லேண்டிங், பீம் இணைப்புகளைச் சரியாக மாடல் செய்வது எப்படி?

கட்டடங்களை முப்பரிமாணத்தில் மாடல் செய்யும் மென்பொருளான ரெவிட்டில் படிக்கட்டு வரைய இரண்டு நிமிடம் போதும். பிளானில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். செக்‌ஷன் வெட்டிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும்: லேண்டிங்கின் (நடுவே திரும்பும் சமதளம்) அடியில் இரண்டு ஃப்ளைட்டும் (சாய்ந்த படி வரிசை) வெவ்வேறு இடத்தில் மடியும், மேல் ஃப்ளைட் ஸ்லாபுக்குக் கீழே பிடிப்பில்லாமல் தொங்கும். அந்த டிராயிங் அப்படியே சைட்டுக்குப் போனால், சென்ட்ரிங் ஆசாரி தனக்குத் தோன்றியபடி பலகையை அடித்துவிடுவார்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் ஊர் வீடுகளிலும் அபார்ட்மென்ட்களிலும் வழக்கமாக வரும் டாக்-லெக் படிக்கட்டு, அதாவது பாதி ஏறி, லேண்டிங்கில் திரும்பி, எதிர்த்திசையில் மீதி ஏறுவது. மாடி உயரம் 3000 மி.மீ. ரைசர் (ஒரு படியின் உயரம்) 150, டிரெட் (கால் வைக்கும் அகலம்) 250, மொத்தம் 20 ரைசர், ஃப்ளைட்டுக்குப் பத்து. ஃப்ளைட் அகலம் 1200, வெயிஸ்ட் ஸ்லாப் (படிகளுக்கு அடியில் உள்ள சாய்ந்த ஸ்லாப்) 150. குடியிருப்புகளுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்லும் வரம்பு, ரைசர் அதிகபட்சம் 190, டிரெட் குறைந்தபட்சம் 250. நம் அளவுகள் அதற்குள் அடங்கும்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

இணைப்பைத் தீர்மானிப்பது மேலே தெரியும் படிகள் அல்ல, அடிப்பக்கம்தான். ஃப்ளைட்டின் சாய்ந்த அடிப்பக்கமும் லேண்டிங்கின் சமமான அடிப்பக்கமும் சந்திக்கும் இடத்தை மடிப்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து வரும் ஃப்ளைட்டுக்கு ஒரு கோடு, மேலே போகும் ஃப்ளைட்டுக்கு ஒரு கோடு. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் சென்ட்ரிங் சுலபம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் கீழ் ஃப்ளைட்டின் கடைசி ரைசரையும் மேல் ஃப்ளைட்டின் முதல் ரைசரையும் ஒரே கோட்டில் வைக்கிறார்கள். பிளானில் அது அழகுதான். ஆனால் 150 மி.மீ. லேண்டிங்கோடு கணக்குப் போட்டால், கீழ் ஃப்ளைட்டின் மடிப்பு அந்த ரைசர் கோட்டிலிருந்து 292 மி.மீ. லேண்டிங்குக்கு உள்ளே விழுகிறது. மேல் ஃப்ளைட்டின் மடிப்போ 42 மி.மீ. ஃப்ளைட் பக்கமாக விழுகிறது. இடையில் 333 மி.மீ. வித்தியாசம்!

இதைச் சரிசெய்ய இரண்டு வேலை. முதலாவது, லேண்டிங் கனம். வெயிஸ்டின் 150 என்பது சாய்வுக்குச் செங்குத்தாக அளந்த கனம். தூக்குக்குண்டு விட்டதுபோல நேர் கீழாக அளந்தால் அது 150 × 291.5 ÷ 250 = 175 (291.5 என்பது 150, 250 இரண்டின் கர்ணம்). லேண்டிங்கையும் 175 ஆக வையுங்கள். இரண்டாவது, கீழ் ஃப்ளைட்டை ஒரு டிரெட் அளவு, அதாவது 250, லேண்டிங்கிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள். இப்போது இரண்டு மடிப்புக் கோடுகளும் மேல் ஃப்ளைட்டின் முதல் ரைசருக்கு நேர் கீழே ஒன்றாக விழும். கைப்பிடிகளும் அதே கோட்டில் ஒரே உயரத்தில் சந்திக்கும். லேண்டிங்கை 150 ஆகவே விட்டுவிட்டு ஃப்ளைட்டை மட்டும் தள்ளினால் 83 மி.மீ. பிசகு மிஞ்சும்.

டைப் அமைப்பு

ஆர்க்கிடெக்சர் டேபில் ஸ்டேர் கட்டளையை எடுங்கள். டைப் பட்டியலில் அசெம்பிள்டு (துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவது), காஸ்ட்-இன்-பிளேஸ் (சைட்டிலேயே வார்ப்பது), பிரீகாஸ்ட் (முன்பே வார்த்துக் கொண்டுவருவது) என்று மூன்று குடும்பங்கள் இருக்கும். காஸ்ட்-இன்-பிளேஸில் மோனோலிதிக் ஸ்டேரைத் தேர்ந்தெடுத்து, எடிட் டைப் போய் டூப்ளிகேட் செய்யுங்கள். டெம்ப்ளேட்டில் வந்த டைப்பையே திருத்தினால் அதே ஃபைலில் அந்த டைப்பைப் பயன்படுத்திய மற்ற படிக்கட்டுகளும் சேர்ந்து மாறிவிடும்.

மேக்சிமம் ரைசர் ஹைட் 150, மினிமம் டிரெட் டெப்த் 250, மினிமம் ரன் விட்த் 1200 (ஃப்ளைட்டைத்தான் ரெவிட் ரன் என்கிறது). ரன் டைப்புக்குள் போய் அதையும் டூப்ளிகேட் செய்து ஸ்ட்ரக்சரல் டெப்த் 150, அண்டர்சைட் சர்ஃபேஸ் ஸ்மூத் என்று கொடுங்கள். ஸ்டெப்டு என்று விட்டால் அடிப்பக்கமும் படிப்படியாக வரும், நமக்கு அது வேண்டாம். லேண்டிங் டைப்பில் மோனோலிதிக் திக்னஸ் 175.

ரெஃபரன்ஸ் பிளேன் போட்டு வரைதல்

மடிப்புக் கோட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் போடுங்கள். அதிலிருந்து ஃப்ளைட் பக்கமாக 250, 2250, 2500 தூரங்களில் இன்னும் மூன்று. கீழ் ரன் 2500-இல் தொடங்கி 250-இல் முடியும். 10 ரைசர், 9 டிரெட், நீளம் 2250. இரண்டாவது ரன் மடிப்புக் கோட்டில் தொடங்கித் திரும்பி வந்து 2250-இல் முடியும். ஆட்டோமேட்டிக் லேண்டிங் டிக் ஆகியிருந்தால் நடு லேண்டிங் தானாக வந்துவிடும்.

கீழ் ஃப்ளைட் பக்கத்தில் லேண்டிங் 250 மி.மீ. கூடுதலாக நீண்டு அதன் கடைசி ரைசரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் லேண்டிங்கைத் தேர்ந்தெடுத்து, கன்வர்ட் மூலம் ஸ்கெட்சாக மாற்றி, விளிம்பைத் திருத்துங்கள். கன்வர்ட் செய்த லேண்டிங் மறுபடி தானியங்கியாக மாறாது என்பதால் இதைக் கடைசியில் செய்வது நல்லது.

மேல் முனை: பீமோடு சேரும் இடம்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். ரெவிட் வழக்கப்படி ரன்னைக் கடைசி ரைசரோடு நேராக வெட்டி முடித்துவிடும். அந்த வெட்டு முகத்தில் கான்கிரீட், தளத்தின் மேல்மட்டத்திலிருந்து 150 + 175 = 325 மி.மீ. கீழே இறங்குகிறது. தள ஸ்லாப் 125 என்றால் அதற்குக் கீழே 200 மி.மீ. பிடிப்பில்லாமல் நிற்கும். மாடலில் இது வெறும் கோடு, கட்டடத்தில் படிக்கட்டின் தாங்குமுனை.

தீர்வு இது. எடிட் ஸ்டேர்ஸில் மேல் ரன்னைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்டீஸில் எண்ட் வித் ரைசர் டிக்கை எடுத்துவிடுங்கள். கடைசி ரைசர் போய்விடும், ரன் ஒரு படி குறையும். முனையை இழுத்து 2500 பிளேன் வரை கொண்டுவந்தால் கடைசி டிரெட் தளமட்டத்துக்குச் சமமாக வரும். ரிலேட்டிவ் டாப் ஹைட் 3000 காட்டுகிறதா என்று பாருங்கள். இப்போது அடிப்பக்கம் அந்த 250 மி.மீ.யில் இன்னும் ஏறி, முனையில் 175 ஆழத்தில் நிற்கும். அங்கே 230 × 450 பீமின் முகத்தை அலைன் செய்யுங்கள். அடுத்த மாடிக்கான கீழ் ஃப்ளைட்டும் இதே 2500 கோட்டில்தான் தொடங்குகிறது. அதன் அடிப்பக்கமும் பீம் முகத்தில் 175 ஆழத்திலேயே படியும். நடு லேண்டிங்குக்காகத் தள்ளிய ஒரே டிரெட் தளமட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிடுகிறது, ஸ்லாப் திறப்பும் நேராகவே இருக்கும். பிளானில் கடைசி டிரெட் விளிம்பில் ரைசர் போலவே ஒரு கோடு தெரியும். அதை லைன்வொர்க் கருவியில் இன்விசிபிள் லைன்ஸ் கொடுத்து மறையுங்கள், இல்லையென்றால் யாராவது 21 ரைசர் என்று எண்ணுவார்கள்.

ஃபினிஷிங் மட்டம்

தளத்தில் ஃபினிஷிங் 50, படியில் கிரானைட்டும் கலவையும் சேர்ந்து 35 என்று வைப்போம். முடிந்த பிறகு எல்லா ரைசரும் 150 இருக்க வேண்டுமானால், கான்கிரீட் போடும்போது முதல் ரைசர் 165, கடைசி ரைசர் 135 ஆக இருக்க வேண்டும். இதை டிராயிங்கில் எழுதாமல் விட்டால் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்கக் கடைசிப் படியில் இடறுவார். மாடலில், லெவல்களை ஃபினிஷிங் மட்டத்தில் வைத்து, ரன் டைப்பில் டிரெட்ஸை டிக் செய்து கனம் 35 கொடுங்கள். கீழ் ரன் ஸ்லாபில் உட்கார எக்ஸ்டெண்ட் பிலோ ரைசர் பேஸில் -50. மைனஸ் குறியை மறந்தால் ரன் கீழே இறங்காது.

கம்பியும் கணக்கீடும்

கீழிருந்து ஏறி வரும் ஃப்ளைட் லேண்டிங்கைத் தொடும் இடத்தில் அடிக்கம்பியை மடிப்போடு சேர்த்து வளைத்துக் காட்டாதீர்கள். இழுவிசையில் கம்பி நிமிரப் பார்க்கும், மடிப்பில் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பெயர்ந்து விழும். ஃப்ளைட்டின் அடிக்கம்பி நேராகப் போய் லேண்டிங்கின் மேல்பக்கத்தில் ஊன்ற வேண்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி ஃப்ளைட்டுக்குள் நுழைந்து அதைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். எம்25 தரக் கான்கிரீட், எஃப்இ500 தரக் கம்பி என்றால் ஊன்று நீளம் (கம்பி கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய நீளம்) விட்டத்தைப்போல் 49 மடங்கு. 10 மி.மீ. கம்பிக்கு 490.

ரெவிட் படிக்கட்டுக்கு அனலிட்டிகல் மாடல் (விசைக் கணக்கீட்டுக்கான மாடல்) உருவாக்காது. ஈடாப்ஸ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் சாய்ந்த ஷெல்லாகத் (தகடு போன்ற உறுப்பாக) தனியே கொடுக்க வேண்டும், அல்லது கையால் கணக்குப் போட வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-இன் 33ஆம் பிரிவுப்படி, ரைசருக்கு இணையான பீம்கள் தாங்கினால் பீம் மையத்துக்கு மையம்தான் எஃபெக்டிவ் ஸ்பான் (கணக்கீட்டுக்கு எடுக்கும் நீளம்). நடு லேண்டிங் பீமை 1500 உயரத்தில் தூணில் செருகினால் அந்தத் தூண் குட்டைத் தூணாகி நிலநடுக்கத்தில் அதிக விசையை இழுத்துக்கொள்ளும். அதை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரீகாஸ்ட் என்றால் கதை வேறு. டைப்பில் கனெக்‌ஷன் மெத்தடை நாட்ச் (முனையில் இருக்கைக்காக விடும் வெட்டு) என்று மாற்றி, நாட்ச்சின் நீளம், கனம், இரு திசை இடைவெளி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். இடைவெளியைச் சுழியாக விட்டால் செக்‌ஷன் அழகாக வரும், ஆனால் கிரேனில் இறக்கும் ஃப்ளைட் இருக்கையில் இறங்காது. பேரிங் பேடுக்கும் கிரௌட்டுக்கும் வேண்டிய அளவை உற்பத்தியாளரிடம் வாங்கி அதையே போடுங்கள்.