நிரல்மொழிகளின் பொருளையும் தர்க்கத்தையும் ஆராயப் போகிறீர்களா?

பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். எண்கள், உண்மை-பொய், இஃப், லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்), இவ்வளவுதான் உள்ள ஒரு குட்டி மொழியை நீங்களே வரையறுத்து, டைப் (எண்ணா, உண்மை-பொய்யா என்ற மதிப்பின் வகை) சரியாக அமைந்த நிரல் ஓடும்போது நடுவில் சிக்கி நிற்காது என்று நிரூபியுங்கள். முதலில் காகிதத்தில், அப்புறம் நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்க்கும் கருவிகளான ராக்கிலோ (பழைய பெயர் காக்) லீனிலோ. காகிதத்தில் "மற்றவையும் இதே மாதிரிதான்" என்று தாண்டிப்போன இடத்தில்தான் கணினி பிடித்து நிறுத்தும். எனக்கு, மாறியைப் பதிலீடு செய்யும் ஒரே ஒரு லெம்மாவில் (துணைத் தேற்றத்தில்) இரண்டு வாரம் போனது. காலியான சூழலுக்கு (எந்த மாறிக்கு எந்த டைப் என்ற பட்டியல்தான் சூழல்) மட்டும் கூற்றை எழுதிவிட்டுத் தொகுத்தறிதலைத் (இண்டக்ஷன்) தொடங்கியிருந்தேன். லாம்டாவுக்குள் நுழைந்ததும் சூழலில் ஒரு மாறி கூடிவிடுகிறது, கையில் இருந்த கருதுகோள் அங்கே பொருந்தவே இல்லை. எல்லாச் சூழலுக்கும் என்று கூற்றைப் பெரிதாக்கிய பிறகு அரை மணி நேரத்தில் முடிந்தது.

இந்த மாதிரி இரண்டு வாரம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. எரிச்சல் மட்டும்தான் வருகிறதென்றால் கம்பைலர் எழுதப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

படிக்க நிறைய இருக்கிறது. நிரல் சரி என்று தர்க்கத்தால் நிரூபிப்பது பற்றி டோனி ஹோர் 1969இல் எழுதிய சில பக்கங்கள், நிரல் படிப்படியாக ஓடுவதை விதிகளாக எழுதிக் காட்டும் கோர்டன் பிளாட்கினின் 1981 ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் குறிப்புகள், நினைவகத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து நிரூபிக்கும் பிரிப்புத் தர்க்கம் பற்றி ஜான் ரெனால்ட்ஸ் 2002இல் எழுதிய கட்டுரை, இந்த மூன்றில் ஆரம்பித்தால் போதும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்க்காதீர்கள், அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

கட்டுரைகளுக்கு இந்தத் துறையில் மாநாடுதான் முக்கியம். நிரல்மொழிக் கோட்பாட்டின் பெரிய மாநாடான பாப்பிள் (POPL) நடப்பது ஜனவரியில், கட்டுரை அனுப்ப வேண்டியது முந்தைய ஜூலையில், ஆகவே உங்கள் ஜூன் மாதம் போனது போனதுதான். ஜர்னல் இருந்தால்தான் கணக்கு என்று சொல்லும் பல்கலைக்கழகமா? பாப்பிள் கட்டுரைகள் 2018 முதல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் ஜர்னல் ஒன்றில்தான் வருகின்றன, அதைச் சொல்லுங்கள். நிராகரிப்பு வரும், பெரும்பாலும் "இதனால் என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியோடு. பழைய கோட்பாடு தவறவிடும் ஐந்து வரி நிரல் ஒன்றை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அந்தக் கேள்வி பாதி அடங்கிவிடும்.

இன்னொன்று, நிரூபணக் கோப்புகளோடு, அவை ராக் அல்லது லீனின் எந்தப் பதிப்பில் ஓடியது என்பதையும் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டதை மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது முதல் கோப்பிலேயே நின்றுவிட்டது.