ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்: முதல் கைக்கடிகாரத்தை நாமே பூட்டுவது எப்படி

வாட்ச் பூட்ட வேண்டுமென்றால் கை நடுங்கக் கூடாது, கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டுமே சுமார்தான். அதைவிடப் பெரிய எதிரி தூசி. கிருஷ்ணகிரியில் மார்ச் பிறந்துவிட்டால் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் ஓடினால் வாட்ச் பூட்ட முடியாது. மாம்பழ சீசனில் இன்னும் மோசம். பழ ஈ ஒன்று டயலை வட்டமடித்து 12-ஆம் எண் மேல் வந்து உட்காரும். அதனால் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளிக்கும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்கிறேன். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது.

இங்கே நாம் பல்சக்கரம் செதுக்கப் போவதில்லை. மெஷின் (வாட்ச்சை ஓட்டும் உள்பகுதி), டயல், முள், கேஸ் (வெளிக்கூடு) எல்லாம் தனித்தனியாக வாங்கி ஒன்று சேர்க்கப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று இணையத்தில் சொல்வார்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு செத்த வாட்ச்

எதையும் ஆர்டர் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போங்கள். எந்தக் கடையிலும் டப்பா நிறைய ஓடாத குவார்ட்ஸ் வாட்ச்கள் கிடக்கும். இரண்டு மூன்று கேட்டு வாங்குங்கள். மூவ்மென்ட் என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, மெஷின் என்று கேளுங்கள். அந்தச் செத்த வாட்ச்சின் பின்மூடியைத் திறந்து, மெஷினை வெளியே எடுத்து, முள்ளைக் கழற்றி, திரும்ப மாட்டுங்கள். பத்து முறை. முதல் மூன்று முறை முள் வளையும், நான்காவது முறை நொடி முள் காணாமல் போகும். பரவாயில்லை, அது ஓசிப் பொருள். இந்தப் பயிற்சியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் முதல் நாளே புது முள்ளை ஒடித்துவிட்டு, இந்த வேலை நமக்கு ஆகாது என்று மூட்டை கட்டுகிறார்கள்.

என்ன வாங்குவது

மெஷினுக்கு ஒரே பதில்: சீக்கோ குழுமத்தின் என்ஹெச் 35. கையை ஆட்டினாலே சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக், கிரௌனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழைத் திருகிச் சாவியும் கொடுக்கலாம். கிரௌனை முழுக்க இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். உராய்வைக் குறைக்க உள்ளே 24 கல். முழுக்கச் சாவி ஏறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். உலகம் முழுக்க இந்த ஒரே மெஷினுக்காகக் கேஸும் டயலும் முள்ளும் செய்து குவிக்கிறார்கள், அதனால் பொருத்தம் பார்க்கும் தலைவலி குறைவு.

குறைவுதான், இல்லாமலில்லை. டயல் 28.5 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும், டயலை மெஷினில் பிடித்து நிறுத்தும் பின்பக்கக் கால்கள் மூன்று மணிக் கிரௌனுக்கு ஏற்ற இடத்தில் இருக்க வேண்டும். நான்கு மணிப் பக்கம் கிரௌன் வைத்த கேஸ்களும் உண்டு, அவற்றுக்கு டயல் கால்களின் இடம் வேறு. முள்களின் துளை அளவு: மணி முள் 1.50, நிமிட முள் 0.90, நொடி முள் 0.20 மி.மீ. விற்பவர் பக்கத்தில் இந்த எண்கள் இல்லையென்றால் வாங்காதீர்கள். தேதி ஜன்னல் இல்லாத டயல் பிடித்திருந்தால் என்ஹெச் 38 வாங்குங்கள். என்ஹெச் 35-லேயே மாட்டினால் கண்ணுக்குத் தெரியாத தேதி உள்ளே மாறிக்கொண்டிருக்கும், கிரௌனை இழுத்தால் வேலையில்லாத ஒரு நிலை நடுவில் வந்து நிற்கும். வாட்ச் ஓடும், ஆனால் மனசுக்கு உறுத்தும்.

கேஸில் கிரௌன் சும்மா அழுத்தி உட்காரும் வகையாக இருக்கட்டும். திருகிப் பூட்டும் கிரௌனை இரண்டாவது வாட்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டயலில் பெரிய கம்பெனியின் பெயர் அச்சடித்து விற்பார்கள், அதைத் தொடாதீர்கள். நாளைக்கு நீங்கள் இல்லாதபோது உங்கள் மச்சான் அதை அசல் என்று யாரிடமாவது விற்பார்.

கருவிகளில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாதது ட்வீசர். மற்றபடி கண்ணில் மாட்டும் லென்ஸ், மெஷின் வைக்கும் பிடி, முள் அழுத்தும் கருவி, முள் கழற்றும் நெம்புகோல் ஒரு ஜோடி, கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதி, விரல் உறை, தூசி ஒட்டியெடுக்கும், களிமண் போல உருட்டக்கூடிய பச்சைப் பிசின். வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மேசை ஓரத்தில் ஒரு துண்டைக் கிளிப் போட்டு, மறுமுனையை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழுவது மடியில் விழும், இல்லையென்றால் தரையைக் கூட்டிச் சலிக்க வேண்டியதுதான்.

டயலும் முள்ளும்

மெஷினைப் பிடியில் வைத்து, தண்டோடு (கிரௌனை மெஷினோடு இணைக்கும் மெல்லிய கம்பி) கிரௌன் மாட்டிய நிலையிலேயே டயலை வையுங்கள். இரண்டு கால்களும் துளையில் இறங்கியதும் ஓரத்தை விரல் உறையோடு மெல்ல அழுத்தினால் உட்கார்ந்துவிடும். நடுவில் அழுத்தாதீர்கள்.

அடுத்து, பலரும் மறக்கும் ஒரு காரியம். கிரௌனை முழுக்க இழுத்து முன்னோக்கித் திருகுங்கள். தேதி மெதுவாக நகர்ந்து மாறி முடிக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் நள்ளிரவு. மணி முள்ளை மிகச் சரியாக 12-இல் வைத்து அழுத்துங்கள், அதன் மேல் நிமிட முள்ளையும் 12-இல். இதைச் செய்யாவிட்டால் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது தேதி மாறும்.

நொடி முள்ளை மாட்டும் முன் 12 மணி நேரத்தையும் ஒரு சுற்றுத் திருகிப் பாருங்கள். நிமிட முள் 12-இல் இருக்கும் ஒவ்வொரு முறையும் மணி முள் எண்ணின் மேல் நேராக நிற்க வேண்டும். பிறகு கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். முள்ளுக்கும் டயலுக்கும், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எங்கோ ஒன்றில் ஒன்று உரசி நின்றுவிடும்.

நொடி முள்தான் சோதனை. துளை 0.20 மி.மீ., தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்குதான். பச்சைப் பிசினின் நுனியில் முள்ளை ஒட்டி, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே டயல் நடுவில் நீட்டியிருக்கும் ஊசி முனை மேல் வையுங்கள். வெறுமனே நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் மட்டும் அழுத்துங்கள். இறங்கும்போது விரலில் ஒரு மெல்லிய சறுக்கல் தெரியும். அந்தச் சறுக்கல் வராமல் பலமாக அழுத்தினால் முனை வளைந்துவிடும், வளைந்தால் மெஷினையே பிரிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள், கை இன்னும் நடுங்கும். மெதுவாக விட்டுக்கொண்டே செய்யுங்கள்.

தண்டு வெட்டுவது

மூன்று வாரம் ஆனது இதனால்தான். புது மெஷினோடு வரும் தண்டு வேண்டுமென்றே நீளமாக இருக்கும், கேஸுக்கு ஏற்ப நாம்தான் வெட்ட வேண்டும். தண்டு மெஷினுக்குள் நுழையும் இடத்தின் பக்கத்தில் சின்னக் குழி விழுந்த ஒரு தகடு தெரியும். அந்தக் குழியை மெல்ல அழுத்திக்கொண்டே இழுத்தால் தண்டு வந்துவிடும். குழி கண்ணில் படவில்லையென்றால் கிரௌனை உள்ளே வெளியே நகர்த்திப் பாருங்கள், முரட்டுத்தனமாகக் குத்தாதீர்கள்.

கேஸின் கண்ணாடி உள்பக்கத்தை ஊதிச் சுத்தம் செய்து, மெஷினைக் குப்புற இறக்கி, தண்டைத் திரும்பச் செருகுங்கள். கிரௌனுக்கும் கேஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி நிற்கிறதோ அதுதான் நீங்கள் வெட்ட வேண்டிய நீளம். ஆனால் அதில் அரை மி.மீ. குறைத்தே வெட்டுங்கள், மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். தேய்த்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடியும் தேய்த்து. சலிப்பான வேலை. நான் சலித்துப்போய் ஒரே வெட்டாக வெட்டினேன். கிரௌன் உட்கார்ந்தது, ஆனால் இழுத்தால் தண்டு பிடிக்கவில்லை, நேரம் வைக்க முடியவில்லை. கூடுதல் தண்டு ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. எண்பது ரூபாய்ப் பொருளுக்காகக் கூரியர் வரும்வரை பூட்டாத வாட்ச்சை டப்பர்வேர் டப்பாவில் மூடி வைத்துக் காத்திருந்தேன். நீங்கள் இரண்டு தண்டு சேர்த்து வாங்குங்கள்.

வெட்டுவதையும் தேய்ப்பதையும் வேறு அறையில் செய்யுங்கள், இரும்புத் துகள் மெஷினுக்குள் போகக் கூடாது. கடைசியில் கிரௌனைத் தண்டில் திருகும்போது மரையில் ஒரு துளி பூட்டுப் பசை வையுங்கள், இல்லையென்றால் என்றைக்காவது கிரௌன் மட்டும் கையோடு வரும்.

மூடுவது, ஓட்டிப் பார்ப்பது

பின்மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள். தண்ணீர் தாங்கும் என்று கேஸில் 100 மீட்டர் எழுதியிருக்கும். அழுத்தச் சோதனை செய்யாதவரை அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒகேனக்கல் போனால் எண்ணெய் மசாஜுக்கு உட்காருவதற்கு முன்பே வாட்ச்சைக் கழற்றிப் பையில் போடுங்கள், அருவிக்குக் கீழே அதற்கு வேலை கிடையாது.

24 மணி நேரம் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மெஷினுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கே ஒரு நாளைக்கு 20 நொடி மெதுவாகவோ 40 நொடி வேகமாகவோ ஓடலாம் என்பதுதான். என்னுடையது 11 நொடி வேகம், அப்படியே விட்டுவிட்டேன். திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் மேல் வைத்தீர்களா, காந்தப் பூட்டுள்ள பையில் போட்டீர்களா என்று யோசியுங்கள். காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. இன்னொன்று, இரவு ஒன்பது மணிக்கு மேல் விடியற்காலை வரை தேதியைக் கிரௌனால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும்.

பழைய வாட்ச் சேகரிக்க நினைத்தால்

முதலில் வீட்டு பீரோவைத் துழாவுங்கள். அரசு நிறுவனமான எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. நம் பக்கத்துத் தாத்தாக்களின் கையில் இருந்த ஜனதா மாடலெல்லாம் அந்த வழிதான், தினமும் சாவி கொடுக்க வேண்டிய 17 கல் மெஷின். 2016-இல் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்ததும் விலை ஏறியது, கூடவே போலியும். மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் டயலோடு "பழைய சரக்கு, புத்தம் புதுசு" என்று விற்றால் அது பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்தது. மங்கின டயல்தான் நல்லது.

நான் பூட்டின முதல் வாட்ச்சைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். ஓசூர் டைட்டன் ஆலையில் அசெம்பிளியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓசூர் இன்னும் தர்மபுரி மாவட்டமாக இருந்த காலத்தில், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தபோது போய்ச் சேர்ந்தவர். டயல் அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாட்ச்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து, திண்ணை வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்தார்.

"நொடி முள்ளு நுனி தாழ்ந்திருக்கு தம்பி. ஏழு மணிப் பக்கம் நிமிட முள்ளத் தொடும். நாளைக்குக் காலையில பிரிச்சிடு."

ஏழைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்குவதை நானும் பார்த்திருந்தேன், சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு ஃபேனை நிறுத்தினேன்.