கூர்மையான முன்விளிம்பு: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளியிலிருந்து வளிமண்டலத்துக்குள் பாயும் கலத்தின் முனை மழுங்கலாக இருந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இதை 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஆய்வாளர்களான ஹார்வி ஆலனும் ஆல்ஃபிரட் எகர்ஸும் காட்டிவிட்டார்கள். ஆனால் மழுங்கிய கலத்துக்குக் காற்றிழுவை அதிகம். தொலைவிலுள்ள ஓடுபாதை வரை சறுக்கிச் சென்று இறங்கி மறுபடியும் பறக்க வேண்டிய கலத்துக்கு, காற்றை முதலில் எதிர்கொள்ளும் மூக்கிலும் இறக்கை முன்விளிம்பிலும் கூர்மை தேவை. அந்தக் கூர்மை இரண்டாம் பயணத்திலும் மிஞ்சியிருக்குமா என்று கேட்காமல் வரைவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

ஆரத்தை மட்டும் பார்ப்பது ஒன்று. முனை வளைவின் ஆரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் அங்கே பாயும் வெப்பம் இரு மடங்காகும். இந்தக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. முனை வாங்கும் வெப்பம் பின்னோக்கிக் கடந்து, மேல், கீழ்ப் பரப்புகளிலிருந்து கதிர்வீச்சாக வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்தைக் கடத்தாத பொருளை முனைக்கு ஒட்டி வைத்தால் அந்த வழியை நாமே அடைக்கிறோம்.

உருகுநிலையைப் பார்த்துப் பொருளைத் தேர்வது இதைவிடப் பெரிய தவறு. சிர்கோனியம் டைபோரைடு என்ற பீங்கான் 3,200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆனால் அதை அரிப்பது ஆக்சிஜன். சூடேறும்போது மேலே படியும் போரான் ஆக்சைடு, சுமார் 1,200 டிகிரிக்கு மேல் வேகமாக ஆவியாகிவிடும். அதனால்தான் சிலிக்கான் கார்பைடைக் கலக்கிறார்கள். அது கண்ணாடி போன்ற சிலிக்கா படலத்தைத் தருகிறது. உயரத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு. அங்கே வெப்பமும் மிகும்போது அதே சிலிக்கான் கார்பைடு, படலமாக மாறாமல் சிலிக்கான் மோனாக்சைடு வாயுவாகப் பறந்துவிடும். சாதாரண அழுத்தத்தில் இயங்கும் உலையில் இந்தக் குறை தெரியவே தெரியாது. பயணத்தில் வரும் அழுத்தத்திலேயே, மிகச் சூடான அயனி வாயுவைப் பாய்ச்சும் பிளாஸ்மா காற்றுச் சுரங்கத்தில் சோதிக்க வேண்டும். ஒரே சோதனைத் துண்டைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் ஆரத்தை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முனை தேய்ந்தால் காற்றோட்டமே மாறிவிடும். இந்தப் பீங்கான்கள் எளிதில் விரிசல் விடுபவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள உலோகத்தோடு இறுகப் பூட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து பீங்கான் உடையும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை மறப்பதும் ஆபத்து. 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் ஓட்டிய எக்ஸ்-15 என்ற அமெரிக்க ஆய்வு விமானம் மாக் 6.7, அதாவது ஒலியைப் போல 6.7 மடங்கு வேகத்தைத் தொட்டது. அடியில் தொங்கவிட்ட ராம்ஜெட் எஞ்சினின் போலி மாதிரியிலிருந்து எழுந்த அதிர்வலை அதைத் தாங்கிய துடுப்பின் மீது விழுந்தது. மோதிய இடத்தில் வெப்பம் பன்மடங்காகி உலோகம் எரிந்து ஓட்டை விழுந்தது. அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

தரையில் நிற்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்க விண்கல ஓடங்களின் இறக்கை முன்விளிம்பில் இருந்த கார்பன்-கார்பன் (கார்பன் இழைகளால் வலுவூட்டிய கார்பன்) தகடுகளின் பூச்சில் 1990களில் ஊசித்துளைகள் தென்பட்டன. ஏவுதளக் கோபுரத்துக்கு அடித்த வண்ணப்பூச்சிலிருந்த துத்தநாகம் மழைநீரில் கரைந்து தகடுகளில் படிந்ததும், அடுத்த பயணத்தின் சூட்டில் அது தகட்டின் பூச்சைத் துளைத்ததும்தான் காரணம்.