செல்லப்பிராணியின் கடைசி நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமையில் நாயோ பூனையோ படுத்த படுக்கையாகிவிட்டால், அதன் வாயில் பால் ஊற்றத் தோன்றும். மனிதருக்குக் கடைசிப் பால் ஊற்றும் வழக்கம் அப்படியே பிராணிக்கும் வந்துவிடுகிறது. அந்த அன்பில் குறையில்லை. ஆனால் விழுங்கும் சக்தி தளர்ந்த உயிருக்குப் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். பிறகு அது மூச்சுத் திணறியே துடிக்கும். சிரிஞ்சில் கஞ்சி புகட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. ஈரப் பஞ்சால் உதட்டையும் ஈறுகளையும் நனைத்துவிடுங்கள். தானே தலையைத் தூக்கி நக்கினால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். பசியடங்கிப்போன உடலைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஒரு பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே போதும். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பூனை வலியை மறைத்துக்கொள்ளும். கட்டிலுக்கடியில் ஒதுங்குகிறதா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டதா என்று பாருங்கள். நாயோ, வேதனையிலும் உங்களைக் கண்டால் வாலாட்டும். அதை நம்பி நாள் கடத்துவது நம் ஆறுதலுக்குத்தான் உதவும்.

இனி மீட்க வழியில்லை, ஊசி போட்டு வேதனையில்லாமல் உயிர் பிரியவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் ‘என்னால் பார்க்க முடியாது’ என்று பலர் வெளியே போய்விடுகிறார்கள். முடிந்தவரை இருங்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன். புது மேசை, மருந்து வாடை, அந்நியக் கைகள். அங்கே அதற்குத் தெரிந்தது உங்கள் குரல் ஒன்றுதான். உங்களால் முடியவே முடியாதென்றால் அதற்குப் பழகிய ஒருவரை நிறுத்துங்கள். மயக்க மருந்தில் அது கண் சொருகும் வரையாவது பக்கத்தில் இருக்கப் பாருங்கள்.

என்ன நடக்கும் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாததும் பெரிய தவறு. வழக்கமாக முதலில் மயக்க மருந்து. பின்னர் உயிரை நிறுத்தும் அளவுக்கு அதிகமான மயக்க மருந்து இரத்தக் குழாயில். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாது. சிறுநீர் கழியலாம். உயிர் பிரிந்த பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம். இது தெரியாதவர்கள் இன்னும் உயிர் இருக்கிறதோ என்று பதறிப்போகிறார்கள். அந்தப் பதற்றம் வருடக்கணக்கில் மனதை அரிக்கும்.

ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். புதைப்பதாக இருந்தால் குறைந்தது மூன்று, நான்கு அடி ஆழம் தோண்டுங்கள். தெருநாயோ பருந்தோ கிளறித் தின்றால் அதுவும் இறந்துபோகலாம்.