லண்டன் வீட்டில் நரியோடு குடித்தனம் நடத்துவது எப்படி

எங்கள் சேலத்துப் பக்கம் யாருக்காவது திடீரென்று நாலு காசு வந்துவிட்டால் ‘என்ன, நரி முகத்துல முழிச்சியா?’ என்று கேட்பார்கள். அந்தக் கணக்குப்படி நான் இந்நேரம் பெரிய பணக்காரனாகியிருக்க வேண்டும், ஏனென்றால் லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாளாவது விடிகாலையில் சமையலறைத் திரையை விலக்கினால் முதலில் தெரிவது நரி முகம்தான். வீட்டுக்கடன் என்னவோ குறைந்தபாடில்லை.

புதிதாக இங்கே குடிவருகிற நம் ஆட்கள் பதறிப்போய்க் கேட்பது ஒரே கேள்வி: இதை எப்படித் துரத்துவது? துரத்த முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடமும் கணிசமான பணமும் செலவானது. லண்டன் புறநகர்கள் விரிந்துகொண்டே போன 1930களிலிருந்து இவை இங்கே குடியிருக்கின்றன, நமக்கு முன்னால் வந்தவை. அது நம் தோட்டத்தில் எதற்காக நிற்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால், வேலியோரமாக நடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நம்மால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஊரில் நாம் நரி என்று பெரும்பாலும் சொல்வது வேறு விலங்கு, இங்கே இருப்பது செந்நரி. புசுபுசு வாலைப் பார்த்துப் பெரிதென்று நினைக்கிறோமே தவிர எடை ஐந்திலிருந்து ஏழு கிலோதான், நன்றாகத் தின்று கொழுத்த பூனையைவிடக் கொஞ்சம் கூட. பிரிட்டனில் நாய்களிடமும் நரிகளிடமும் வெறிநோய் கிடையாது, அதனால் ‘தொப்புளைச் சுற்றி ஊசி’ ஞாபகத்தையெல்லாம் விமானநிலையத்திலேயே விட்டுவிடலாம். ஜனவரி நடுராத்திரியில் யாரோ ஒரு பெண்ணைக் கழுத்தை நெரிப்பது போல அலறல் கேட்டால் போலீசைக் கூப்பிட வேண்டாம், அது இணை தேடும் காலம்.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. 2010இல் ஹாக்னியில் இரட்டைக் குழந்தைகளையும், 2013இல் ப்ராம்லியில் ஒரு கைக்குழந்தையையும் வீட்டுக்குள் புகுந்த நரி கடித்தது பெரிய செய்தியானது. செய்தியானதே அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான். இருந்தாலும் கீழ்த்தளத்தில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்று தோட்டக் கதவைத் திறந்துபோட்டு மாடிக்குப் போகாதீர்கள். ஜன்னலைத் திறங்கள், கதவை மூடுங்கள்.

இனி சாப்பாடு. நரி வருவதற்குப் பத்துக்கு எட்டுக் காரணம் இதுதான், அதிலும் நம் வீடுகளுக்கென்றே சில விசேஷங்கள் உண்டு. மீன் கழுவிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவோம், கறிவேப்பிலைத் தொட்டிக்கு எலும்புத்தூள் போடுவோம், செடி தழைக்கிறதோ இல்லையோ ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டி தலைகீழாகக் கிடக்கும், ஏனென்றால் கீழே ஏதோ செத்துப் புதைந்திருக்கிறது என்று நரி தோண்டுகிறது. எலும்புத்தூள், இரத்தத்தூள், மீன் உரம் மூன்றையும் நிறுத்துங்கள். மீன் செதிலையும் கோழித் தோலையும் பையில் கட்டி ராத்திரியே வாசலில் வைக்காதீர்கள், ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் போட்டுவைத்து குப்பை வண்டி வரும் காலையில் வெளியே எடுங்கள். உணவுக்கழிவுக்கென்று கவுன்சில் கொடுக்கும் சின்னத் தொட்டியின் கைப்பிடியை முன்பக்கம் இழுத்துவிட்டால் மூடி பூட்டிக்கொள்ளும், இது தெரியாமலே வருடக்கணக்காக நரியைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

அப்புறம் காக்காய்க்குச் சோறு. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா அமாவாசை தவறாமல் மதிலில் சோறு வைப்பவர். ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “தம்பி, காகத்துக்கு வைச்ச சோத்தை நரியெல்லோ வந்து தின்னுது, இனி அதுதான் எங்கட அப்பாவோ தெரியேல்லை” என்றார். அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகம் வரும்வரை பக்கத்திலேயே நின்று, அது கொத்திய பிறகு மிச்சத்தை எடுத்துவிடச் சொன்னேன். இல்லையென்றால் உயரமான கம்பத்தில் தட்டு வைக்கலாம். மதில் என்பது நரிக்கு நடைபாதை.

செருப்பு. வாசலில் கழற்றிப் போடுவது நம் வழக்கம், தோல் வாசனையும் கால் வாசனையும் இளம் நரிகளுக்கு விளையாட்டுச் சாமான். நம் வீட்டில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், 2020இல் பெர்லினின் செலன்டோர்ஃப் பகுதியில் ஒரு நரி சேர்த்துவைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட காலணிகளைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக. மூடியுள்ள பெட்டி ஒன்றை வாசலில் வையுங்கள், தீர்ந்தது.

விரட்ட என்று கடையில் விற்பதில் எனக்கு உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று: அசைவைக் கண்டால் தண்ணீர் பீய்ச்சும் கருவி. வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் எல்லையை நரி அளந்துவைத்துக்கொண்டு அரையடி தள்ளி நடக்கும். மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன், அது லண்டன் மழையில் அரைமணி நேரம் இருந்தது. அந்துருண்டை, டீசல், ஃபினாயில் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றாதீர்கள், நரிவிரட்டி என்று அங்கீகாரம் பெற்ற பொருளை மட்டும்தான் பயன்படுத்தலாம். விஷம் வைப்பதும் புகை போட்டுக் கொல்வதும் குற்றம், சிறைவரை போகும். நரியைக் கொல்லும் பொறுப்பு கவுன்சிலுக்கும் கிடையாது, முன்பு ஆள் வைத்துக் கொன்று பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாமல் கைவிட்ட வேலை அது.

ஏன் ஆகவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியமான இடம். ஒரு தெருவில் இருக்கும் நரிக்கு அந்தத் தெரு சொந்தம், வேறு நரியை விடாது. அதைப் பிடித்துவிட்டால் வீடு காலி என்று பலகை மாட்டியது போலத்தான், சில வாரத்தில் அடுத்தது வரும். ‘கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டுவிடுகிறேன்’ என்று ஒருவர் என்னிடம் விலை பேசினார். காட்டிலும் எல்லா இடமும் ஏற்கெனவே வேறு நரிகளுடையது, தெருநரியை அங்கே இறக்கிவிட்டால் அடி வாங்கிப் பட்டினி கிடக்கும், விட்டவர் மேல் விலங்குநலச் சட்டமும் பாயலாம்.

நரிவேட்டை பற்றிய சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பிரிட்டனில் வேலைசெய்தால் என்றைக்காவது சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வரும், அதற்குக் கொஞ்சம் தயாராக இருங்கள். குதிரையில் ஏறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியைத் துரத்திக் கொல்வது இங்கே நூற்றாண்டுகள் நடந்தது. (மாணிக்கவாசகருக்காக நரியைப் பரியாக்கியவர் நம் சொக்கநாதர், இவர்கள் பரிமேல் ஏறி நரியைத் துரத்தினார்கள்.) 2000இல் லார்ட் பர்ன்ஸ் தலைமையிலான விசாரணைக்குழு, இது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று அளந்து பேசியது. 2002இல் தடைக்கு எதிராக லண்டனில் நாலு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை மறுத்தும் 2004இல் சட்டம் நிறைவேறி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் தடை வந்தது. ஸ்காட்லாந்து 2002லேயே முந்திக்கொண்டது.

நாட்டுப்புறத்து ஆட்கள் சொல்வதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆட்டுக்குட்டி போகிறது, ஒரே ராத்திரியில் கோழிப்பண்ணையே போகிறது, நகரத்தில் உட்கார்ந்து நரியை அழகு பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். நியாயம்தான், தேவைப்பட்டால் சுட்டுக்கொள்ள அவர்களுக்குச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. ஆனால் வேட்டை இல்லையென்றால் நரி பெருகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2001இல் கோமாரி பரவியபோது நாடு முழுக்கப் பல மாதங்கள் வேட்டையை நிறுத்திவைத்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்த ஆய்வில் நரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கவில்லை. தடைக்குப் பிறகு நிஜ நரி இல்லாமல் வெறும் வாசனைத் தடம் போட்டு நாய்களை ஓடவிடுகிறோம் என்று பல குழுக்கள் இன்றும் புறப்படுகின்றன, அது நிஜ வேட்டைக்கு மறைப்பு என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள், 2024 தேர்தலில் லேபர் கட்சி அதையும் தடைசெய்வதாக வாக்குக் கொடுத்தது.

பரம்பரை வழக்கம் என்ற வாதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி என்னும் சிறு நரியை வலைவைத்துப் பிடித்து, மேளதாளத்தோடு ஊருக்குள் கொண்டுவந்து ஓடவிடுவார்கள், மழை பெய்யும், ஊர் செழிக்கும் என்று நம்பிக்கை. தாத்தா தோளில் உட்கார்ந்து நானும் பார்த்து ஆரவாரம் செய்தவன். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறை வந்து அபராதம் போடும். நாங்கள் கொல்வதில்லையே, திரும்ப விட்டுவிடுகிறோமே என்று அப்பா இன்றும் சொல்வார். வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த நரியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இரண்டுமே வேண்டாம். ஜல்லிக்கட்டைப் பற்றி என்ன சொல்வாய் என்று யாராவது மடக்கினால், காளையை வருடம் முழுக்க வளர்ப்பவன் இருக்கிறான், நரிக்கு அப்படி ஆள் இல்லை என்பேன். முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். கோழியோ முயலோ வளர்ப்பவர்கள் கோழிவலையை நம்ப வேண்டாம், மெல்லிய கம்பியை நரி கடித்துப் பிய்த்துவிடும். பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை வாங்கி, கூரைக்கும் போட்டு, அடியில் ஓரடி ஆழம் புதைத்து, நுனியை வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். நாலு அங்குல இடைவெளி இருந்தால் உள்ளே வந்துவிடும். பூனையைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலும் இரண்டும் முறைத்துப் பார்த்துவிட்டு விலகிப்போகும்.

உடம்பு முடி உதிர்ந்து, வால் கயிறு மாதிரி ஆன நரி வந்தால் அது சொறிநோய். 1990களில் பிரிஸ்டலில் இந்தப் பூச்சி தொற்றி நகரத்து நரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. நீங்களாக மருந்தைச் சோற்றில் பிசைந்து வைக்காதீர்கள், நரி மீட்பு அமைப்புகள் இருக்கின்றன, விலங்குநல அமைப்பான ஆர்எஸ்பிசிஏவும் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

கடைசியாக ஷெட். மார்ச் வாக்கில் ஷெட்டுக்கோ மரத்தளத்துக்கோ அடியில் நாலைந்து குட்டி போட்டிருக்கும். அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்தால் உள்ளே குட்டிகள் செத்து நாறும், குற்றமும் ஆகும். ஏப்ரல் கடைசியில் வெளியே வந்து புல்லில் உருளும், கோடையில் தானாக இடத்தைக் காலிசெய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலியா என்று பார்க்க, ஓட்டையில் சருகையும் கசக்கிய காகிதத்தையும் லேசாகத் திணித்துவையுங்கள். ஒரு வாரம் கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் கம்பிவலை அடித்துவிடுங்கள், ஜனவரிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.

நான் போன இலையுதிர்காலத்தில் அடித்து முடித்தேன். இந்த வருடம் அது அக்காவின் ஷெட்டுக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது. வலை மிச்சம் இருக்கிறது, செப்டம்பரில் வந்து அடித்துத் தருகிறேன் அக்கா என்றேன். “பொறுங்கோ தம்பி, அமாவாசை வரட்டும்” என்றார்.